புரண்டு படுக்காதவள்

மூணாறு மலை, பள்ளிவாசல் பக்கம்,
எஸ்டேட் இரண்டாம் டிவிசன், கீழ் லயம்.
ஸ்ரீமுக வருஷம், ஆடி மாதம்.

சிலமலையில் இருக்கும் என் மாமியாராகிய சுருளியம்மாள் அத்தை அவர்களின் பாதத்தில் மருமகள் சாந்தம்மாள் விழுந்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. விழுந்து கும்பிட்டு என்று எழுதுவது முறையாகையால் எழுதினேன். விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும்; ஆளெல்லாம் கொழுந்தெடுக்கப் போயிருக்கிறார்கள். ஆகையால் சுவரில் சாய்ந்தபடியே கும்பிட்டதாகக் கொள்ளவும். இவ்விடம் தங்கள் குமாரரும் நானும் சுகம். இந்தச் சுகம் என்ற வார்த்தையும் முறைக்காக எழுதியதுதான். அவ்விடம் தங்கள் சுகமும், கறவை மாட்டின் சுகமும், தங்கள் காலில் தைத்த முள் வெளியே வந்துவிட்டதா என்பதும் அறிய ஆவலாயிருக்கிறேன்.

இந்தக் காகிதத்தை வழக்கம்போல் தங்களுக்கு வாசித்துக் காட்டப்போகும் பொன்ராஜ் வாத்தியாரய்யாவுக்கும் என் வணக்கம். அய்யா, இதிலே பெண்பிள்ளை உடம்பைப் பற்றிச் சில சங்கதிகள் வரும். தாங்கள் தாண்டிப் போய்விட வேண்டாம். கூச்சமாயிருந்தால் அந்த இடத்தில் ஒரு தடவை இருமிவிட்டு மேலே படிக்கவும். போன மாதம் அத்தை சொல்லச் சொல்லத் தாங்கள் எழுதிய காகிதத்தில் ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை. அதே ஒழுங்கை என்னுடைய காகிதத்துக்கும் காட்டவேண்டியது.

அந்தக் காகிதம் வந்து சேர்ந்தது, அத்தை. மாசமானவள் படுத்தபடியே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரளக் கூடாது, எழுந்து உட்கார்ந்து, சாமியை நினைத்துக்கொண்டு, அப்புறந்தான் மறுபக்கம் சாயவேண்டும், இல்லாவிட்டால் கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். தாங்கள் முதல் இரண்டு பிள்ளைகளை அப்படித் தூக்கத்தில் புரண்டுதான் பறிகொடுத்ததாகவும், மூன்றாவதுக்குச் சுதாரித்துக்கொண்டு ஒரு ராத்திரிகூடப் புரளாமல் இருந்து தங்கள் குமாரரைப் பெற்றதாகவும் கண்டிருந்தது. பிறகு, நான் என் தலைச்சன் பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்தே புரண்டு கொன்றேன் என்றும், இந்தத் தடவையும் புரண்டேனானால் தங்கள் அண்ணன் மகள் வெள்ளைத்தாய் இன்னும் ஒருத்தருக்கும் பேசி முடிக்காமல்தான் இருக்கிறாள் என்றும் கண்டிருந்தது. கொன்றாய் என்பதை வாத்தியாரய்யா நல்ல அழகான எழுத்தில் எழுதியிருந்தார்கள். நாலாவது வகுப்பு வரைக்கும் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பிய எங்கள் அய்யாவை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வைதேன். எழுத்துத் தெரியாமலிருந்தால் யாராவது படித்துக் காட்டும்போது அந்த இடத்தில் இருமியிருப்பார்கள்.

தலைச்சனுக்கு நான் புரளவில்லை என்று அன்றைக்கே சொன்னேன். எனக்கு ஆத்தாள் இல்லாததால் பிரசவத்துக்குத் தங்கள் வீட்டுக்கே வந்தேன். தங்கள் பக்கத்திலேயே படுத்தேன். தாங்கள் இந்த வயதிலும் எழுந்து உட்கார்ந்து, முருகா என்று சொல்லி, அப்புறம் மறுபக்கம் சாய்வதைப் பார்த்து, பேரன் எடுக்கிற வயதில் அத்தைக்கு யார் கழுத்தில் கொடி சுற்றப்போகிறது என்று மனசுக்குள் சிரித்தும் இருக்கிறேன். ஆனாலும் தங்களைப் பார்த்து நானும் அப்படியே எழுந்து எழுந்துதான் படுத்தேன். பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது. கொடி சுற்றியிருந்தது. தாங்கள் வாசலுக்குப் போய், இவள் புரண்டுவிட்டாள் என்று தெருவிலே சொன்னீர்கள். நான் உள்ளேயிருந்து இல்லை இல்லை என்றேன். அது தெருவுக்குக் கேட்கவில்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்து, பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் புரண்டது தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்? இரண்டு வருஷமாக இந்த ஒரு கேள்விதான் என்னோடு குடித்தனம் பண்ணுகிறது.

ஆகவே இந்தத் தடவை தாங்கள் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்துவருகிறேன் என்பதைத் தெரிவிக்கவும், நடுவில் நடந்துவிட்ட ஒரு காரியத்துக்குத் தங்கள் தீர்ப்பைக் கேட்கவுமே இந்தக் காகிதம். முதலில் உடம்பு நிலவரம். தேயிலைச் செடி இடுப்பு உயரம் என்பது தங்களுக்குத் தெரியாது. போன மாதம் வரைக்கும் மலைக்குப் போனேன். நான் செடியண்டை போய்ச் சேருமுன் என் வயிறு போய்ச் செடிமேல் உட்கார்ந்துகொள்ளும். கை கொழுந்துக்கு எட்டாது. ஆகையால் பக்கவாட்டில் நின்று ஒரு கையால் பறித்தேன். முதுகில் கூடை, முன்னால் பிள்ளை, நடுவில் நான் தராசு முள் மாதிரி ஆடிக்கொண்டிருந்ததைக் கங்காணி மேட்டிலிருந்து பார்த்துவிட்டு, “ஏத்தா சாந்தம், செடியோட என்ன கோவம், மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிற?” என்று கேட்டான். மறுநாளே, வயிறு இறங்கினபிறகு வா என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டான். வீட்டில் உட்கார்ந்தால் நெஞ்செரிச்சல். பச்சைத் தண்ணீர் குடித்தாலும் அடுப்பு மூட்டியது போலிருக்கிறது. நின்றால் இடுப்பு கழன்று போகிறது. நடந்தால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் கெண்டைக்கால் சதை ஏறிப் பிடித்துக்கொள்கிறது. இதெல்லாம் போதாதென்று உள்ளே இருப்பது என் வலது விலா எலும்பில் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறது, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

கால் வீங்கி, பாதம் பணியாரமாகிவிட்டது. மெட்டி சதைக்குள் புதைந்து விரல் கறுத்துவிட்டது. எண்ணெய் போட்டும் சோப்புப் போட்டும் நூல் சுற்றியும் கழற்றமுடியாமல், தங்கள் குமாரர் என்னைப் பாக்டரிக்கு நடத்திக் கூட்டிப்போனார். அங்கே மிஷின் பழுது பார்க்கிறவர் அரத்தை வைத்து ராவி இரண்டு மெட்டியையும் துண்டாக்கிவிட்டார். ராவும்போது விரலில் சூடேறிப் போய் நான் போட்ட சத்தத்தில் மாடியில் கொழுந்து வாட்டுகிற கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கிவந்து பார்த்தார்கள். புருஷன் உயிரோடு இருக்க மெட்டியைக் கழற்றலாமா என்று தாங்கள் கேட்பீர்கள். நான் கழற்றவில்லை, அத்தை. அறுத்தார்கள். துண்டுகளைத் தங்கள் குமாரர் வேட்டி முடிச்சில் கட்டி வைத்திருக்கிறார். சந்தேகமிருந்தால் அவர் வரும்போது அவிழ்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வாத்தியாரய்யா இந்த இடத்தில் இருமவும். மாசம் ஏற ஏற, தண்ணிக்கு ஒதுங்குவதைத் தவிர வேறு உத்தியோகமே இல்லாமல் போய்விட்டது. இங்கே ஒதுங்குவதென்றால் லயம் என்கிற வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடையோரம். மழையோ கண் திறக்கவிடவில்லை. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து மூச்சு வாங்கும்போதே மறுபடி போகவேண்டியிருக்கிறது. இப்படி ஒரு தரம் போய்த் திரும்பி, அடுப்படியில் நின்று கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். தரையிலே ரத்தம். நான் நின்ற இடமெல்லாம் ரத்தம். வாசல்வரை கோடு போட்டிருக்கிறது. எனக்குத் தலைச்சனைத் துணியில் சுற்றி எடுத்துப்போனது கண்முன் வந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் லயமே ஓடிவந்தது. எஸ்டேட்டில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸருக்கு ஆள் பறந்தது. அவர் குடையும் பெட்டியுமாக வழுக்கி விழுந்து எழுந்து வந்து சேருமுன், பக்கத்து வீட்டு மதலேனம்மாள் குனிந்து பார்த்து, என் கால்விரல் இடுக்கிலிருந்து ஒரு அட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். என் காலை நான் பார்த்து எத்தனையோ நாளாகிறது. அதிலே யார் வந்து குடியேறினாலும் எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் சிரித்தார்கள். டிரஸ்ஸர் சேற்றோடு நின்று முறைத்தார். நானும் சிரித்தேன். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

இந்த மதலேனம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரி, ஏசுவைக் கும்பிடுகிறவள். லயத்தில் யாருக்கு வலி கண்டாலும் இவளைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக்கும் இவள் வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் எட்டாது. மேலே தகரமும் உத்திரமும் லயம் முழுவதற்கும் ஒன்றே. இப்படிப்பட்ட வீட்டில்தான் நான் புரளாமல் படுக்கவேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் தங்கள் குமாரரை எழுப்பித் தூக்கிவிடச் சொன்னேன். பகலெல்லாம் தேயிலைப் பெட்டி தூக்கிவிட்டு வருகிறவர். தூங்கிக்கொண்டே கையைக் கொடுப்பார். கொடுத்துக்கொண்டே, “பாத்து இறக்குங்கப்பா, மூலை இடிக்கும்” என்பார். இரண்டொரு வாரத்தில் பெட்டி தூக்குகிற இடத்தில் தூங்கி விழ ஆரம்பித்தார். கையை நசுக்கிக்கொண்டு வந்துவிடப் போகிறாரே என்று பயந்து, உத்திரத்தில் ஒரு தாம்புக்கயிறு கட்டித் தொங்கவிடச் சொன்னேன். அதைப் பிடித்துத் தொங்கி எழுந்து, முருகா என்று உட்கார்ந்து, மறுபக்கம் சாய்ந்துவந்தேன். வேலை சுலபமாயிற்று. ஆனால் நான் கயிற்றை இழுக்கிறபோதெல்லாம் உத்திரம் முனகி, தகரம் தடதடத்து, லயம் முழுக்க விழித்துக்கொண்டது. மதலேனம்மாளின் புருஷன் சிலுவைராஜ் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர். ஒட்டடையும் துருவும் நேரே அவர் வாய்க்குள் போய் விழுகிறது. “தங்கச்சி, நீ ஒரு புள்ளையைப் பெறுததுக்குள்ள நான் இந்தக் கூரையில பாதியத் தின்னுருவேன் போலுக்கு” என்று சுவருக்கு மேலே சொல்வார். அடுத்த வீட்டுக்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டாளா, அந்தப் பக்கம் திரும்பிவிட்டாளா என்று கேட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். நான் புரளவில்லை என்பதற்கு இந்தத் தடவை ஒரு லயமே சாட்சி. தலைச்சனுக்கு எனக்கு இப்படி ஒரு சாட்சி இல்லாமல் போனது என்பதுதான் என் மனக்குறை.

இப்போது தீர்ப்புக்கு வருகிறேன். வாத்தியாரய்யா நிதானமாகப் படிக்கவும். போன வெள்ளிக்கிழமை பகலில், எல்லாரும் மலைக்குப் போயிருக்கையில், நான் மறுபக்கம் திரும்பக் கயிற்றைப் பிடித்தேன். கயிறு அறுந்துவிட்டது. மல்லாக்க விழுந்துவிட்டேன். மல்லாந்து கிடக்கிற மாசமானவள் எழுந்திருக்க ஒரே வழிதான் உண்டு: ஒருக்களித்து உருண்டு, கையை ஊன்றி எழவேண்டும். உருண்டால் புரண்டதாகிவிடும். ஆகையால் உருளவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். தகரத்தின் மேல் மழை விழுகிற சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. வயிறு கல்லைத் தூக்கி வைத்தது போல் உள்ளே அமுக்குகிறது. மூச்சு பாதிதான் போகிறது. கொஞ்ச நேரத்தில் காதெல்லாம் அடைத்து, உடம்பு வேர்த்து, கூரை மங்கிக்கொண்டே போயிற்று. உருண்டுவிடு உருண்டுவிடு என்று உடம்பு கெஞ்சியது. கொன்றாய் என்ற அந்த அழகான எழுத்து கண்முன் நின்றது. செத்தாலும் புரளாமல் சாகவேண்டும், அப்போதாவது தெரு நம்பும் என்று நினைத்தேன். இதை விளையாட்டுக்கு எழுதவில்லை, அத்தை. அப்படியே நினைத்தேன்.

காய்ச்சல் என்று மலையிலிருந்து பாதியில் திரும்பிய மதலேனம்மாள் நெருப்புக் கேட்டு உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நெருப்பு வாங்கக் கொண்டுவந்த ஓட்டுத் துண்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “ஏட்டி, மல்லாந்து கெடக்கியே, சரிஞ்சு படுட்டி!” என்றாள். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். “ஏன்?” என்றாள். “கொடி சுத்தும்” என்றேன். “கொடி சுத்துததுக்கு முந்தி நீ போய்ச் சேந்துருவ போலுக்கே!” என்று என் தோளிலும் இடுப்பிலும் கையைக் கொடுத்து ஒரே தள்ளாக என்னை இடதுபக்கம் உருட்டிவிட்டாள். நான் கோரைப்பாயைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தேன். பாயும் கூடவே வந்துவிட்டது. உருண்ட மறுநிமிஷம் மூச்சு வந்தது, கண் தெரிந்தது. பிழைத்தேனே என்று தோன்றவில்லை. ஐயோ புரண்டுவிட்டேனே என்று அவளை அடிக்கப் போனேன். அவள் அடியை வாங்கிக்கொண்டு எனக்குச் சுக்குத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

தங்களிடம் கேட்பது இதுதான். நான் புரளவில்லை, புரட்டினார்கள். வேதக்காரி கையால் புரண்டது கணக்கில் வருமா, வராதா? வருமென்றால் அதற்கு என்ன பரிகாரம்? இதை முன்கூட்டியே எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெள்ளிக்கிழமையிலிருந்து உள்ளே அசைவு குறைந்துவிட்டது. விலாவில் நின்ற கால் இறங்கிவிட்டது. அந்தக் காலை எவ்வளவு திட்டியிருக்கிறேன். இப்போது கையை வைத்து வைத்துத் தேடுகிறேன். மதலேனம்மாள், தலை கீழே இறங்கிவிட்டது, இடம் குறைந்துபோயிற்று, அவ்வளவுதான் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. நல்லபடியாக முடியாமல் போனால், வெள்ளைத்தாயைக் கூட்டிவருமுன் இந்தக் காகிதத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். தங்கள் குமாரரிடம் நான் இதெல்லாம் பேசவில்லை. அவர் புதுக் கயிறாக இரண்டு கட்டிவிட்டு, ராத்திரி வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். தூங்குவதில்லை.

வேறு விசேஷமில்லை. தங்கள் காலில் விழுந்து கும்பிடவேண்டிய பாக்கியைப் பிள்ளையோடு வந்து தீர்த்துக்கொள்கிறேன். பிள்ளையில்லாமல் வரும்படி ஆனால் அப்போது குனிய முடியும். மாட்டையும் தங்களையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும். வாத்தியாரய்யா வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

தங்கள் ஆசீர்வாதம் ஒன்றையே நம்பியிருக்கும் மருமகள்,
சாந்தம்மாள்.

பின்குறிப்பு: மூணாறு போகிற ரோட்டில் மண் சரிந்து தபால் எடுக்கவில்லை. காகிதம் இங்கேயே கிடந்தது. அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. ஆகையால் மேலே எழுதியதைத் தள்ளிவிடவும். கேட்ட தீர்ப்பும் வேண்டாம்.

வாத்தியாரய்யா, இதை வாசலுக்கு வந்து நின்று, தெருவுக்குக் கேட்கும்படி படிக்கவும். தலைச்சன் சங்கதியைத் தெருதான் கேட்டது. இதையும் தெரு கேட்கவேண்டியது. பெண் குழந்தை. இந்த இடத்தில் நிறுத்தவேண்டாம், மேலே படிக்கவும். மதலேனம்மாள்தான் பிள்ளையை வாங்கினாள். தலை வந்ததும் அவள் விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னாள். கழுத்திலே கொடி. ஒரு சுற்று இல்லை, இரண்டு சுற்று. இத்தனை மாதம் எழுந்து எழுந்து படுத்தவளுக்கு இரண்டு சுற்று! அவள் விரலைக் கொடுத்து, மாலையைக் கழற்றுவதுபோல் ஒன்றொன்றாகத் தலைவழியே எடுத்துவிட்டாள். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்புறம் கத்தியது. உத்திரம் முனகாமலே லயம் எழுந்துவிட்டது. அன்றைக்குப் புரட்டினதால்தான் சுற்றியது என்று தாங்கள் சொல்வீர்களோ என்று அவளிடம் கேட்டேன். “நான் ஒரு தள்ளுதான தள்ளுனேன், ரெண்டு சுத்து எப்படிட்டி வரும்? நான் ஆறு புள்ளைக்கும் உருண்டு பொரண்டுதான் படுத்தேன். ஒண்ணுக்கும் சுத்தல” என்றாள். கொடி சுற்றின பிள்ளை மாமனுக்கு ஆகாது என்றால், எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. வெள்ளைத்தாய்க்கு நல்ல இடமாகப் பாருங்கள். தலைச்சனுக்கும் நான் புரளவில்லை. அத்தனை பேரும் கேட்டுக்கொள்ளுங்கள், நான் புரளவில்லை.

வாத்தியாரய்யா, இனி உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, அத்தை காதுக்கு மட்டும் படிக்கவும். அத்தை, பிள்ளை பாலைக் குடித்துவிட்டுத் தூங்குகிறது. நான் படுத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். இந்த வரிக்கும் முந்தின வரிக்கும் நடுவில் கயிற்றைத் தொடாமல் ஒரு புரள் புரண்டு பார்த்தேன். அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன். உங்கள் இரண்டு பிள்ளைகளும் நீங்கள் புரண்டதால் போகவில்லை. புரண்டதாக உங்களுக்கு யார் சொன்னார்களோ, எந்த வாசலில் நின்று சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. நீங்களும் உள்ளேயிருந்து இல்லை என்றுதான் சொல்லியிருப்பீர்கள். மழை விட்டதும் பேத்தியைப் பார்க்க வாருங்கள். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரி எழுந்து உட்காராமல், படுத்தபடியே மறுபக்கம் புரண்டு தூங்குங்கள், அத்தை. ஒன்றும் ஆகாது.